மனவளக்கலை

உடலைத் தளர்த்தி, மூச்சைச் சீராக்கி, அதன் வழியே மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிமுறை. எளியமுறை உடற்பயிற்சி, உயிராற்றலைப் பேணும் காயகல்பம், தவம், தன்னைத்தானே ஆராயும் அகத்தாய்வு ஆகிய நான்கும் இதன் பகுதிகள். வகுத்தவர் வேதாத்திரி மகரிஷி (1911–2006).

தோற்றம்

மூச்சின் வழியே மனத்தை அடக்கும் கலை தமிழில் பழையது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சுப் பயிற்சி உட்பட எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விளக்குகிறது. அந்தக் கலையை இல்லறத்தாருக்கும் உழைப்பாளிக்கும் ஏற்றபடி எளிதாக்கித் தந்தவர் ஒரு நெசவாளர் என்பதே மனவளக்கலையின் பெருமை. செங்கற்பட்டு மாவட்டத்துக் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, சிறுவயதிலேயே தறியில் அமர்ந்தார். சித்த மருத்துவமும் ஓமியோபதியும் பயின்றார். ஆன்மிக குரு பரஞ்சோதி மகானிடம் குண்டலினி தீட்சை பெற்றார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு என்னும் ஊரில் சங்கத்தின் அறிவுத்திருக்கோயில் எழுந்தது.

தறியும் உடலும்

வேதாத்திரி பிறந்த நாளில் அதே மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவரைப் பார்த்தால் இப்பயிற்சியின் தேவை விளங்கும். தறிக்குக் கீழுள்ள குழிக்குள் கால்கள் மிதிபலகையை மாறி மாறி மிதிக்கும். கை நாடாவை ஓட்டும். அச்சை இழுத்து அடிக்கும். கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைச் சேலையானால் கரைக்குத் தனி நாடா. அதை ஓட்டப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கண் இழையை விட்டு நகராது. அந்திக்குள் கழுத்தும் இடுப்பும் இறுகிப்போகும். எளியமுறை உடற்பயிற்சி இப்படி உழைக்கும் உறுப்புகளையே எடுத்துக்கொள்கிறது: கை, கால், மூச்சு, கண் ஆகியவற்றுக்கான பயிற்சிகள், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர். நிறைவாக மல்லாந்து படுத்து, உறுப்பு உறுப்பாகக் கவனத்தைச் செலுத்தி உடலைத் தளர்த்துவார்கள்.

நரம்பியல் விளக்கம்

ஆபத்து வந்தால் உடல் எதிர்க்கவோ ஓடவோ ஆயத்தமாவதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். மன அழுத்த ஆய்வுக்கு அடிகோலிய ஹான்ஸ் செல்யேவின் கட்டுரை 1936-இல் வெளிவந்தது. ஆபத்தின்போது பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தும். துணைப் பரிவு நரம்புகள், குறிப்பாக வேகஸ், அதைத் தணிக்கும். நம் விருப்பத்துக்கு இதயம் கட்டுப்படாது; மூச்சு கட்டுப்படும். மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது வேகஸின் பிடி வலுத்து இதயத்துடிப்பு குறைகிறது. பதற்றத்தைத் தணிக்க உடலே வாசலாவது இப்படித்தான்.

எல்லை

தீராத மனச்சோர்வுக்கும் நாள்பட்ட வலிக்கும் மருத்துவரின் உதவி தேவை. உடற்பயிற்சி கூலிக்கும் ஓய்வுக்கும் ஈடாகாது. தறியில் அமர்பவருக்கு நியாயமான கூலியும், நல்ல வெளிச்சமும், நிமிர்ந்து நடக்க நேரமும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் பயிற்சியில் தளர்ந்த தோள் மறுநாளும் தளர்ந்திருக்கும்.