முறிந்த அங்கமும் மீண்ட ஆட்டமும்

இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில், பல்லேகம போன்ற மாத்தளைக் கிராமங்களில், மரத்திலிருந்து விழுந்தவனும் வரப்பில் வழுக்கியவனும் முற்காலத்தில் நாடிச் சென்றது முறிவு வைத்தியரின் திண்ணையைத்தான். சிங்களத்தார் 'கெடும் பிந்தும்' என வழங்கும் இவ்வித்தை, ஓலைச்சுவடியோடும் கைப்பழக்கத்தோடும் பரம்பரையாக வந்தது. எலும்பைப் பொருத்தி, மூலிகைப் பத்திட்டு, சிம்பு வைத்துக் கட்டியதோடு வைத்தியர் ஓய்வதில்லை, கட்டவிழ்த்தபின் தைலந் தேய்த்து மூட்டைச் சிறுகச் சிறுக அசைக்கப் பழக்குவார். இந்தக் கடைசிப் படியே எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் துணிபு.

கூடைப்பந்துச் சரித்திரத்தில் இதற்குச் சாட்சி பெர்னார்ட் கிங். ஆட்டத்துக்குச் சராசரி 32.9 புள்ளிகள் குவித்து அமெரிக்காவில் முதலிடம் வகித்த அவருக்கு, 1985 மார்ச்சில் வலது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. அக்காலத்தில் அது ஒரு வீரனின் அந்திமமாகவே கருதப்பட்டது. சத்திர சிகிச்சைக்குப்பின் மாதக்கணக்காக, நடை பயிலும் குழந்தைபோல், அப்பியாசமே விரதமாகக் கொண்டு உழைத்த அவர், 1987 ஏப்ரலில் நியூயார்க் அணிக்குத் திரும்பி ஆறே ஆட்டங்கள் ஆடினார். அணியோ அவரை விடுவித்தது. எத்தனை வேதனை! ஆயினும் வாஷிங்டன் அணியிற் சேர்ந்து, 1991இல், தம் 34ஆம் வயதில், நட்சத்திர ஆட்டத்துக்கு மீண்டும் தெரிவானார்.