தாதி உடையில் வந்த விற்பனை



வாணிகம் இழிவான தொழில் அன்று. நமது பினாங்குத் தீவே வாணிகத்தால் வளர்ந்த ஊர்தான். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இங்கே ஆங்கிலக் கொடியை ஏற்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, சோழமண்டலக் கரையிலிருந்து துணியும் பிற சரக்குகளும் கொண்டுவந்து விற்ற நம்மவர்கள் இங்கே கடை விரித்துவிட்டார்கள். இன்றும் மார்க்கெட் தெருவில் நடந்து சென்றால் கூவி விற்கும் குரலைக் கேட்கலாம். அந்தக் குரலில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் ஒரு நேர்மையும் இருக்கிறது. கூவுகிறவர் தாம் விற்க வந்தவர் என்பதை மறைப்பதில்லை. கேட்கிற நாமும் அதை அறிந்தே காது கொடுக்கிறோம், விலை பேசுகிறோம், பிடிக்காவிட்டால் நடந்துவிடுகிறோம்.

விற்க வந்தவர் தம்மை விற்க வந்தவர் என்று காட்டிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? நண்பராக, ஆசிரியராக, மருத்துவத் தாதியாக வந்து நம் வீட்டுப் பாயில் அமர்ந்துவிட்டால்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கமும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் இந்தத் தீவோடு தொடர்புடையவை என்பதால், நாம் அதைத் தெரிந்துகொள்வது பொருத்தமே.

1912ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் பினாங்கில் தன் வாணிகத்தைத் தொடங்கியது. நெஸ்லே நிறுவனம் மலாயாவில் கால் ஊன்றியது இவ்வாறுதான். 1939இல் அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது. குளிர்பதனப் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில், கெட்டுப்போகாத டின் பால் மக்களுக்குப் பெரிய வசதியாக இருந்தது. காப்பிக் கடையிலும் தோட்டத்து லயத்திலும் அது இடம் பிடித்ததில் வியப்பில்லை. தேநீரில் கலப்பதற்கு விற்றிருந்தால் அதைப்பற்றிக் குறை கூற யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பால் பச்சிளங் குழந்தைகளின் வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. கொழுப்பு நீக்கி, சர்க்கரை மிகுதியாகச் சேர்த்த கெட்டிப்பாலில் குழந்தைக்கு வேண்டிய உயிர்ச்சத்துகள் போதிய அளவில் இல்லை. அதைக் குடித்த குழந்தை கொழுகொழுவென்று தோன்றினாலும், உள்ளே எலும்பும் கண்ணும் வலுவிழந்துகொண்டிருக்கும்.

இதை நேரில் கண்டு துணிந்து பேசியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணிபுரிந்தபோது குவாஷியோர்க்கர் என்ற ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகுக்கு விளக்கிக் காட்டியவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரில் பணியாற்றினார். ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகள் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, டின் பாலால் நோயுற்று மடிவதை அவர் நாள்தோறும் கண்டார். தாதியர் போல உடுத்திய பெண்களை வைத்து இந்தப் பாலைப் பரப்புவதையும் கண்டார்.

1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ‘பாலும் கொலையும்’ என்பது அதன் தலைப்பு. குழந்தை உணவைப் பற்றித் தவறான பிரசாரம் செய்வது தண்டனைக்குரிய குற்றம் என்றும், அதனால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். சபையில் வணிகப் பெருமக்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் இப்படிப் பேசத் தனித் துணிவு வேண்டும். பின்னர் உலகப் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்த அம்மையார் சாங்கி சிறையில் அடைபட்டு உயிர் பிழைத்தார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலப் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய சொற்பொழிவு 1986இல் அச்சு நூலாக மறுபடி வெளிவந்தது. அதை வெளியிட்டது பினாங்கில் இருந்த பன்னாட்டுப் பயனீட்டாளர் சங்கங்களின் அலுவலகம்!

போருக்குப் பின் பால்மாவு நிறுவனங்கள் பெருகின. விற்பனை முறையும் விரிந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் ‘பால் தாதியர்’ தோன்றினார்கள். வெள்ளுடை உடுத்தி, பிரசவ விடுதியில் தாய்மாரைக் கண்டு, குளிப்பாட்டும் முறையையும் போத்தல் கழுவும் முறையையும் கற்பித்து, கடைசியில் ஓர் இலவச டின்னைக் கையில் கொடுத்துவிட்டுச் செல்வார்கள். அவர்களில் பலர் முறையாகப் பயிற்சி பெற்ற தாதியரே. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது மருத்துவமனை அல்ல, பால்மாவு நிறுவனம். சில இடங்களில் விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் உண்டு.

நேயர்களே, அந்தத் தாயின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் தாதியை ‘மிஸ்ஸி’ என்று மரியாதையோடு அழைக்கிறோம். மிஸ்ஸி சொன்னால் எழுத்தறியாத தாயும் கேட்பாள், படித்த தாயும் கேட்பாள். வெள்ளுடையின் மேல் வைத்த அந்த நம்பிக்கை பல தலைமுறைத் தாதியரின் உழைப்பால் சேர்ந்த சொத்து. அந்தச் சொத்தைத்தான் நிறுவனம் தன் சரக்கை விற்கக் கடன் வாங்கியது. உரியவர்களைக் கேளாமலே வாங்கியது.

இலவச டின்னில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தாய்ப்பால் சுரப்பது குழந்தை சப்புவதைப் பொறுத்தது. குழந்தை சப்பச் சப்பப் பால் ஊறும், சப்பாவிட்டால் வற்றிப்போகும். டின் தீருவதற்குள் தாயின் மார்பும் வற்றத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு அவள் வாங்கித்தான் ஆக வேண்டும். மற்றப் பொருள்களில் மாதிரி கொடுத்தால் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இங்கே மாதிரியை ஏற்றுக்கொண்டதே எளிதில் திரும்ப முடியாத ஒரு முடிவாகிவிடுகிறது. கூலி குறைந்த குடும்பமானால் மாவை மிச்சம்பிடிக்கத் தண்ணீரை மிகுதியாகக் கலப்பார்கள். அந்தத் தண்ணீர் தூய்மையற்றதானால் வயிற்றுப்போக்கு வரும். போத்தலைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். விறகுக்கும் காசு வேண்டும். இவ்வாறு ஒரு புன்னகையோடு தொடங்கிய காரியம் ஒரு குழந்தையின் உயிரில் போய் முடியலாம்.

1974இல் பிரிட்டனைச் சேர்ந்த ஓர் அறநிறுவனம் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஓர் இளைஞர் குழு அதை ஜெர்மன் மொழியில், இன்னும் கடுமையான தலைப்போடு வெளியிட்டது. நெஸ்லே நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976இல் பெர்ன் நகர நீதிமன்றம் அந்தக் குழுவினருக்குத் தலைக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தது. அந்தத் தலைப்பு அவதூறே என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே நீதிபதி, நிறுவனம் தன் விற்பனை முறைகளை மாற்றி எண்ண வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். வழக்கில் வென்ற நிறுவனம் மக்கள் மன்றத்தில் தோற்றது. 1977இல் அமெரிக்காவில் அதன் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1984வரை அது நீடித்தது.

இந்த இடத்தில்தான் பினாங்கு மறுபடியும் வரலாற்றுக்குள் நுழைகிறது. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தமிழகத்தில் பிறந்து இங்கே வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்களின் தலைமையில், டின் பாலைப் பற்றியும் போத்தல் பாலைப் பற்றியும் மக்களிடையே இடையறாது எடுத்துரைத்தது. பன்னாட்டுப் பயனீட்டாளர் சங்கங்களின் ஆசிய அலுவலகமும் 1970களில் இங்கே அமைந்தது. அதை நடத்தியவர் அன்வர் ஃபசல். 1979 அக்டோபரில் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய மாநாட்டின்போது, பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து குழந்தை உணவுக்கான பன்னாட்டுச் செயற்குழு வலையமைப்பை உருவாக்கின. அதற்குத் தூணாக நின்றவர்களில் அன்வர் ஃபசலும் ஒருவர். அதே 1979இல் மலேசியாவும் தனக்கென ஒரு நன்னெறிக் கோவையை வகுத்துக்கொண்டது.

1981 மே 21ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான பன்னாட்டுக் கோவையை ஏற்றது. ஆதரவு 118 வாக்கு, எதிர்ப்பு ஒரே ஒரு வாக்கு. அந்த ஒரு வாக்கு அமெரிக்காவுடையது. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன.

அந்தக் கோவையின் விதிகளைப் படித்தால், அவற்றை வகுத்தவர்கள் எதைக் குற்றமாகக் கண்டார்கள் என்பது தெளிவாகும். பால்மாவு விற்பதை அவர்கள் தடுக்கவில்லை. தாயை இழந்த குழந்தைக்கும், பால் கொடுக்க இயலாத தாய்க்கும் அது தேவை என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்கள் தடுத்தவை வேறு. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. விற்பனைப் பணியாளர் தாய்மாரைத் தேடிச் சென்று தொடர்பு கொள்ளக் கூடாது. நிறுவனத்திடம் சம்பளம் வாங்கும் தாதியரை மருத்துவமனை பயன்படுத்தக் கூடாது. விற்ற அளவைக் கொண்டு பணியாளருக்கு ஊக்கத்தொகை கணக்கிடக் கூடாது. விற்கிறவர் தாய்மாருக்குக் கல்வி புகட்டும் வேலையைச் செய்யக் கூடாது. சுருங்கச் சொன்னால், விற்பனையும் அறிவுரையும் ஒரே உடையில் வரக் கூடாது.

நிறுவனங்கள் தங்கள் தரப்பில் சொன்ன வாதத்தையும் கேட்பதே நியாயம். தாதியர் கற்பித்தவை பயனுள்ளவை என்றும், அரசாங்கம் போதிய தாதியரை அனுப்பாத இடங்களில் தாங்கள் ஒரு தொண்டே செய்ததாகவும் அவை கூறின. அந்தத் தாதியர் சொன்னவற்றில் பல உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் மொத்தத்தில் ஏமாற்றமாக முடிவது உண்டு. எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைச் சம்பளம் கொடுப்பவர் தீர்மானிக்கிறார். யார் சம்பளம் கொடுக்கிறார் என்பது கேட்பவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் அதே சொற்களை வேறு விதமாக எடைபோட்டிருப்பாள். அந்த எடைபோடும் உரிமை அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. அதுவே இங்கு நிகழ்ந்த அநீதி.

இது நம் முன்னோருக்குப் புதிய அனுபவம் அன்று. தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தமது சொந்த ஊருக்கே அனுப்பப்பட்ட கங்காணியை நினைத்துப் பாருங்கள். அவர் அந்நியர் அல்லர்; அதே ஊர்க்காரர், உறவுக்காரர். அவர் உடுத்தியிருந்த உடையும் கையில் புழங்கிய காசுமே மலாயா வாழ்க்கையைப் பற்றிய விளம்பரமாக அமைந்தன. சேர்த்த ஆளின் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு கிடைத்தது. ‘மாமா கூப்பிடுகிறார்’ என்று நம்பிக் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியவர்கள் பலர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியதோடு அந்த முறை ஓய்ந்தது. உறவை நம்பி வந்த தொழிலாளிக்கும் வெள்ளுடையை நம்பிய தாய்க்கும் நேர்ந்தது ஒன்றே.

கோவை வந்ததும் தீமை ஒழிந்துவிட்டதா? அப்படிச் சொல்வதற்கில்லை. இந்தியா 1992இல் இதற்கென ஒரு சட்டமே இயற்றியது; 2003இல் அதை மேலும் கடுமையாக்கிற்று. தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணி 1991இல் தோன்றி, பினாங்கைத் தலைமையகமாகக் கொண்டது. 1992 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் 2022இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாடுகளில் 8,500 பெற்றோரையும் கர்ப்பிணிகளையும் கேட்டறிந்தபோது, அவர்களில் 51 விழுக்காட்டினர் பால்மாவு விற்பனை தங்களைத் தேடி வந்ததாகக் கூறினார்கள்.

இன்று வெள்ளுடை தேவைப்படவில்லை. கைத்தொலைபேசியில் ஓர் இளந்தாய் தன் குழந்தையைக் கொஞ்சுகிறாள். பின்னால் அழகான வீடு. மேசையின்மேல் ஒரு டின். அவள் எதையும் விற்பதாகச் சொல்வதில்லை. பார்க்கிறவருக்கு அது ஒரு தோழியின் வாழ்க்கையாகவே தோன்றுகிறது. பால்மாவுக்கு மட்டுமா இது? அழகுப் பூச்சுக்கும் உடல் மெலியும் மருந்துக்கும், வீட்டுக்கு வரும் உறவினர் மேசையில் பரப்பும் சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். உறவினர் விற்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நலம் விசாரிக்க வருவதாகச் சொல்லிவிட்டு வந்து விற்பதும், ‘இதில் எனக்கு இவ்வளவு கிடைக்கும்’ என்பதை மறைப்பதும் அந்த உறவையே விலைக்கு வைப்பதாகும்.

பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேணுவதே வாணிகருக்கு அழகு என்றார் வள்ளுவர். பிறர் நம்பிக்கையும் அவ்வாறு பேணத்தக்க ஒரு பொருளே.

ஆகவே நேயர்களே, யாரேனும் அன்போடு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால், மூன்று கேள்விகளை மரியாதையோடு கேளுங்கள். இதை நான் வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இதில் உள்ள குறை என்ன? இதை நான் தொடங்கிய பிறகு நினைத்தபோது விட்டுவிட முடியுமா? நேர்மையான வணிகர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார். கேள்வியைக் கண்டு முகம் சுளிப்பவர் எந்த உடையில் வந்திருந்தாலும், அவரிடம் எதையும் வாங்குமுன் ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது.