எடுத்த கல்லும் இட்ட கல்லும்: தூத்துக்குடித் தீவுகளின் மீட்புச் சரித்திரம்

வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்துக் கரிசற் பூமியில் சரள் எடுத்த குழியொன்று கிடந்தால், மாரியில் நீர் தேங்கியும் கோடையில் வெடித்தும், இங்கிருந்து மண் போயிற்று என்பதற்கு அதுவே சாட்சியாக நிற்கும். அவ்வட்டத்தின் கடலோர ஊராகிய தருவைகுளத்துக்கு அப்பால், நீருக்கடியிற் கல் பெயர்த்த இடத்துக்கு அத்தகைய சாட்சி இல்லை. ஆதலால் அங்கு நேர்ந்த நஷ்டம் நெடுங்காலம் எவர் கணக்கிலும் ஏறவில்லை. அந்த நஷ்டமும் அதற்கான பரிகாரமும் வளர்ந்த வரலாற்றை ஆராய்வதும், பரிகாரத்தின் தத்துவம் இக்கரைக்குப் புதியதன்று என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

1. முத்துப் பார்

முத்துச்சிப்பி மணலில் நிலைக்காது. கடலடியிற் கெட்டியான தளத்தைப் பற்றிக்கொண்டே வளரும். அத்தளத்தைப் 'பார்' என்பது கடற்கரை வழக்கு. சர்க்கார் அதிகாரிகள் பார்களில் ஆளிறக்கி, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, எண்ணி, முதிரும்வரை குளிப்புக்கு விடாமற் காத்தனர். அவ்வாறு தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், சிப்பிக்குஞ்சுகள் பற்றுவதற்கென்று கடலடியிற் கல்லும் ஓடும் பரப்பவேண்டும் என்று யோசனை கூறினார். அவருக்குத் துணை நின்ற ஹார்னெல் பின்னர் சென்னை அரசாங்கத்தின் மீன்துறையிற் பணியாற்றினார். கடலுக்குக் கல் இடவேண்டும் என்னும் அபிப்பிராயம் அன்றே எழுந்துவிட்டது.

2. காளவாய்

பிற்காலத்தில் நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது. கிளைத்து வளரும் பவளத்தின் உடைந்த துண்டுகளுக்குச் 'சல்லி' என்று பெயர். கரியாச்சல்லி, விலாங்குச்சல்லி என்னும் தீவுகளின் பெயர்களிலேயே அச்சொல் இருக்கிறது. விரற்கனமுள்ள ஒரு சல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் மேனியெங்கும் ஊசிமுனையாற் குத்தினாற்போன்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த அறை. உயிருள்ள பாறை அலையைத் தடுக்க, அதினின்று உடைந்த சல்லியும் மணலும் ஒதுங்கித் தீவாகின்றன. பாறை மதிலென்றால், சல்லி தீவின் உடம்பு.

அம்மதிலைக் கடப்பாரையாற் பெயர்த்துத் தோணியேற்றிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் அனுப்பினர். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர் எடுக்கப்படுவதாக மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1972-இல் மதிப்பிட்டனர். 1986-இல் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்தன. ஆயினும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005-ஐ ஒட்டியே கல்லெடுப்பு ஓய்ந்தது. அதற்குள் விலாங்குச்சல்லி நீரில் மூழ்கிவிட்டது. 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அழிந்திருந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்தனர்.

3. மீட்பு

கல்லெடுப்பு நின்றால் மட்டும் பவளம் தானே தழைத்துவிடும் என்று எண்ணுதற்கில்லை. பவளக்குஞ்சும் முத்துச்சிப்பியைப் போலவே கெட்டியான தளத்தை நாடுவது. பாறை போன இடத்தில் எஞ்சிய தளர்ந்த சல்லியோ அலைதோறும் புரண்டு, தன்மேற் படிந்த குஞ்சை நசுக்கிவிடுகிறது. ஆகையால் அந்நிறுவனத்தார் 2002 முதல், நலமான பவளத்தினின்று சிறு துண்டுகளை எடுத்து, சிமெண்டுப் பலகையிற் கயிற்றாற் கட்டி, முக்குளிப்போரைக் கொண்டு கடலடியில் நிறுத்தும் முறையைக் கையாண்டு வருகின்றனர். சில காலத்திற் பவளம் பலகையைத் தானே பற்றிப் படர்ந்து, கட்டிய கயிற்றையும் மூடிவிடுகிறது.

தேய்ந்துவந்த வான் தீவின் அருகே 2015 டிசம்பர் முதல், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பிலான, துளைகளுள்ள கான்கிரீட் பாறைகள் பதிக்கப்பட்டன. அவற்றின் தொகை பின்னர் பதினாயிரத்தைக் கடந்தது. அலையின் வேகத்தை அவை தணித்தலால் பின்புறம் மணல் தங்குகிறது. அவற்றின் மேனியிலே பவளமும் பற்றுகிறது. 1969-இல் 20.85 ஹெக்டேராயிருந்து, 2024-இல் கடலேற்றத்தின்போது 3.14 ஹெக்டேராகச் சுருங்கிப்போன கரியாச்சல்லியிலும் இத்தகைய பணியைத் தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம் மேற்கொண்டிருக்கிறது.

4. முடிவுரை

தரையிலே ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த மணல், சரள் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி முன்னதாகவே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. கடலிலோ கணக்கு, கல் போனபின்பே தொடங்கியது. ஹெர்ட்மன் பரப்பச் சொன்ன கல்லும் இன்று பதிக்கும் கான்கிரீட்டும் ஒரே தத்துவத்தின் இரு ரூபங்கள்: பற்றத் தளம் கொடு, பின் காத்திரு. ஆனால் தளம் கொடுப்பது மட்டுமே மனிதப் பிரயத்தனத்துக்கு உட்பட்டது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது, நட்ட பவளமும் இயற்கைப் பவளமும் ஒருங்கே வருந்தின. எனவே பதித்த கல்லின் தொகையைக் கொண்டு மீட்பை அளப்பது பொருந்தாது. அந்நாளிற் பாரில் ஆளிறக்கிச் சிப்பியை எண்ணிப் பார்த்த பின்பே குளிப்புக்கு ஆண்டு குறித்ததுபோல, பலகைதோறும் உயிரோடிருக்கும் துண்டுகளை ஆண்டுதோறும் எண்ணிவரும் அந்தக் கணக்கே இம்மீட்புக்கு அளவுகோலாகும்.