மணலேறிய குர்சுரா

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், அலைகளுக்குச் சற்றுத் தள்ளி, கான்கிரீட் தாங்கிகளின் மேல் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. நீளம் 91 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாலும் இதன் முக்கால் பங்குக்குக் கிட்டத்தான் வரும். பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. 1971 இந்திய-பாகிஸ்தான் போரையொட்டி அரபிக்கடலில் காவல் இருந்த கப்பல் இது.

நீர்மூழ்கிப் படை ஒன்றைத் தொடங்க இந்தியா முதலில் சோவியத் ஒன்றியத்திடம் வாங்கியவை நான்கு கப்பல்கள். 1967 டிசம்பர் 8 அன்று கல்வரி வந்தது. அந்த நாளே இன்றும் கடற்படையின் நீர்மூழ்கி நாள். அடுத்து கந்தேரியும் கரஞ்சும். நான்காவதான குர்சுரா 1969 டிசம்பர் 18 அன்று ரிகா துறைமுகத்தில் படையில் சேர்ந்தது. அப்போது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் ஊர் வர வேண்டியிருந்தது.

கடலின் மேல் ஓடும்போது டீசல் எஞ்சின், அடியில் மூழ்கினால் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தோ, காற்றுக்குழாயை மட்டும் நீருக்கு மேல் நீட்டியோ எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரியின் கண்ணில் படும் நேரம் அதுதான். ஏழு அறைகளுக்குள் 75 பேர், கூடவே 22 டார்பிடோக்கள். நன்னீர் அளந்துதான் கிடைக்கும். குளியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. டீசல் வாடை உடையில் ஏறி, ஊர் திரும்பிய பிறகும் போகாது என்பார்கள்.

1971 நவம்பர் நடுவில் குர்சுரா மேற்குக் கடலில் காவலுக்குச் சென்றது. கப்பலை ஐயமற அடையாளம் கண்டாலொழியத் தாக்கக் கூடாது, குறித்த வணிகக் கடல் வழிகளைக் கடக்கக் கூடாது என்று கடுமையான கட்டுப்பாடுகள். போர் வெடித்த சமயத்தில் அது கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் போரில் எந்த இந்திய நீர்மூழ்கியும் எதிரிக் கப்பல் ஒன்றையும் மூழ்கடிக்கவில்லை. காத்திருப்பதும் போர்த்தொழில்தான்; ஆனால் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடைப்பது அரிது.

நீர்மூழ்கி ஒன்று மூழ்கியது கிழக்கே, விசாகப்பட்டினத்துக்கு வெளியே. பாகிஸ்தானின் காஸி, விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்கக்கடலுக்குள் வந்தது. சென்னையில் இருந்த விக்ராந்த் அதற்குள் அந்தமான் பக்கம் போய் மறைந்திருந்தது. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் நிற்பதாக எதிரி நம்பட்டும் என்று பொய் வானொலிச் செய்திகளை அனுப்ப வைத்ததோடு, பெருங்கப்பல் ஒன்றுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் உள்ளூர்ச் சந்தையில் கேட்க வைத்ததையும் பின்னர் அவரே எழுதினார். சந்தைச் சேதி எங்கெல்லாம் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டிசம்பர் 3-4 இரவு காஸி வெடித்து மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய நீரடிக் குண்டுகளால் என்கிறது இந்தியா. உள்ளே ஏற்பட்ட வெடிப்பு அல்லது கண்ணிவெடி என்கிறது பாகிஸ்தான்.

குர்சுராவுக்கு அதன்பின் ஒரு சோதனைக் காலம். 1970களில் அதன் பாகங்கள் கழற்றப்பட்டு உடன்பிறந்த கப்பல்களுக்குப் போயின. அதோடு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டியது, 1980களில் மீண்டும் பொருத்தப்பட்டுக் கடலுக்குத் திரும்பியது. 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றபோது அது ஓடியிருந்த தூரம் 73,500 கடல் மைல்.

அருங்காட்சியகமாக்கலாம் என்ற யோசனை கடற்படையிலிருந்து வந்தது. ஆந்திர அரசு ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 2,000 டன் எடையை அலைக்குள்ளிருந்து மணலுக்கு இழுத்து, 600 மீட்டர் நகர்த்தி நிலைநிறுத்த வேண்டும். எல்லா வேலையும் முடிய 18 மாதங்களும் சுமார் 5.5 கோடி ரூபாயும் ஆயின. 2002 ஆகஸ்ட் 9 அன்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார்.

கூட்டை மணலில் ஏற்றியது அரசு என்றால், அதற்கு உயிர் கொடுத்தவர்கள் முன்னாள் கடற்படையினர். பொறுப்பாளராகவும் வழிகாட்டிகளாகவும் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள்தான். இரும்புச் சுவரிலுள்ள வட்டத் துளைகளில் தலை குனிந்து காலைத் தூக்கிப் போட்டு நுழைந்து, ஒவ்வொரு அறையாகக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, எந்த வால்வு எதற்கு, எந்தப் படுக்கையில் எத்தனை பேர் முறைவைத்துப் படுத்தார்கள் என்று சொல்லப் பெயர்ப்பலகை போதாது. கருவிகளும் பெரிஸ்கோப்பும் டார்பிடோக் குழாய்களும் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன. பணியிலுள்ள போர்க்கப்பலுக்கு விழா நாளில் கொடித்தோரணம் கட்டும் மரியாதையையும் கடற்படை இதற்கு அளிக்கிறது. ஓய்வு பெற்ற கப்பலுக்கு இது வழக்கமில்லை.

பகை என்று இப்போது எஞ்சியிருப்பது உப்புக்காற்று ஒன்றுதான். தஞ்சைக் கோட்டைக் கீழவாசல் பீரங்கிமேட்டில், நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்த ராஜகோபால பீரங்கி கூரையில்லாமலே சுமார் 400 ஆண்டுகளைக் கடந்து கிடக்கிறது. தடித்த இரும்பு, கடலும் எட்ட இருக்கிறது. நீர்மூழ்கியின் மேல்தகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துருவைச் சுரண்டுவது, அரித்த தகட்டை மாற்றுவது, வண்ணம் பூசுவது என்று கப்பலில் செய்த வேலையே கரையிலும் தொடர்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் அந்த நகரத்தையே புரட்டிப் போட்டபோதும் குர்சுரா நின்ற இடத்தில் நின்றது.

காஸி தேடி வந்த விக்ராந்துக்கு இப்படி நிலைத்து நிற்பது வாய்க்கவில்லை. 1997 ஜனவரியில் ஓய்வு பெற்ற அது, மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாகச் சில ஆண்டுகள் இருந்தது. பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடப்பட்டது. முன்னாள் கடற்படையினர் பலர் மன்றாடினார்கள். வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலை மணலில் ஏற்றவும் முடியாது. நீரிலேயே விட்டால் அடித்தகடு அரித்துக்கொண்டே போகும். அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் ஒரு பகுதியை பஜாஜ் நிறுவனம் வாங்கியது. 2016இல் வந்த 'வி' மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் அது சேர்ந்தது.