கண்டிச் சாலையும் காக்கும் ஒளியும்

மலைநாட்டின் வரலாறு பெரும்பாலும் அதன் வழிகளின் வரலாறேயாகும். கண்டி மன்னர் தம் தலைநகருக்கு அகன்ற சாலைகள் அமைத்தாரல்லர். அடர்ந்த காடும், செங்குத்தான மலையும், ஒற்றையடிப் பாதையுமே அவர்தம் அரண்களாயின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பன்முறை படையெடுத்தும் அவ்வரசை நிலையாகக் கைக்கொள்ள இயலாமற் போனமைக்கு அவ்வரண்களே முதன்மையான காரணம். சரக்குகள் பொதிமாடுகளின் முதுகில் ஏறி, ‘தவளம்’ எனப்பட்ட நீண்ட நிரைகளாய் மலையேறின. பகைவர் மலையைத் துளைத்து வழி செய்யும் நாள் வரைக்கும் கண்டிக்கு அழிவில்லை என்று ஒரு வாய்மொழி வழக்கும் மக்களிடையே நிலவி வந்தது.

1815 ஆம் ஆண்டு கண்டி அரசு பிரித்தானியர் வசமாயிற்று. ஆயினும், கைப்பற்றிய நாட்டைக் கட்டியாள வழி வேண்டும் என்பதை முற்ற உணர்ந்தவர் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் ஆவார். 1820 ஆம் ஆண்டளவில் கொழும்பு – கண்டி வீதியின் வேலை தொடங்கிற்று. அதன் பொறியியற் பொறுப்பை ஏற்றவர் கப்டன் டோசன். கடுகண்ணாவைக் கணவாயில் பெரும்பாறையொன்றைக் குடைந்து வீதியை அதனூடே செலுத்தினர். பழைய வாய்மொழி பலித்துவிட்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். வீதி முற்றும் நிறைவெய்து முன்னரே, 1829 இல், டோசன் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த தூண் கலங்கரை விளக்கம் போன்ற தோற்றத்துடன் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அவ்வீதி வேலையிற் பயின்ற இளம் அலுவலர் தோமஸ் ஸ்கின்னர், பின்னர் நாடெங்கும் வீதிகள் சமைத்துப் புகழ் பெற்றார். பேராதனையில் மகாவலியின்மேல் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று 1833 இல் அமைந்தது. 205 அடி நீளமாய் ஆற்றைத் தாவிய அப்பாலம் 1905 இல் அகற்றப்படும் வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் மக்களைச் சுமந்தது.

வழி அமைந்தவுடன் வண்டி வந்தது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1867 இல் புகையிரதம் கண்டியை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி தோன்றியது. 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வண்டிகள் மலையகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன.

வண்டிகள் மாறிய வரலாற்றோடு, வண்டியில் ஏற்றிய விளக்கின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. மாட்டுவண்டியின் அச்சின் கீழே தொங்கிய விளக்கு, பாதையைக் காட்டுவதற்கும் எதிரே வருவோர் வண்டியை அறிவதற்கும் உதவியது. தொடக்க கால மோட்டார் வண்டிகளில் காபைட்டிலிருந்து உண்டாகும் அசற்றிலீன் வாயு விளக்கு எரிந்தது. 1912 இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டியில், மின்னால் இயந்திரத்தை இயக்கும் அமைப்போடு மின்விளக்கும் ஒருங்கே பொருத்தப்பட்டன. அதன் பின்னர் வண்டியின் உள்ளேயும் ஒளி புகலாயிற்று. வேகங்காட்டி முதலிய கருவிகள் சாரதியின் கண்முன் ஒளிர்ந்தன. கதவைத் திறந்ததும் கூரையில் ஒரு விளக்கு எரிந்தது. முதலில் வழிக்கு ஒளி. அடுத்து, ஓட்டுபவனுக்கு ஒளி. ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பயணியின் உயிரைக் காக்கும் கருவிக்கு ஒளி வேண்டும் என்ற எண்ணம் தோன்ற நெடுங்காலம் சென்றது. அக்கருவியே ஆசனப் பட்டி.

ஆசனப் பட்டி ஏன் வேண்டும்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு மதிலில் மோதி நின்றுவிடுகிறது எனக் கொள்க. வண்டி நின்றாலும் அதனுள் இருப்பவனின் உடல் நிற்பதில்லை; முன்னிருந்த அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. அவ்வேகம், ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும்போது அடையும் வேகத்துக்குச் சமம். மூன்று மாடி உயரத்திலிருந்து குதிக்க யாரும் உடன்படார். ஆயினும் பட்டி அணியாது வேகமாகச் செல்ல எவரும் தயங்குவதில்லை. பின்னிருக்கையில் இருப்பவர் தாம் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுவர். மோதலின்போது அவரே முன்னிருக்கையின்மேல் எறியப்பட்டு, தம்மையும் முன்னிருப்பவரையும் சேர்த்து வருத்துவார். ஆசனப் பட்டி அணிவதால் வண்டியில் இருப்போர் விபத்தில் இறக்கும் அபாயம் பாதியளவு வரை குறையக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இப்பட்டி முதலிற் பயன்பட்ட துறைகளுள் வான்பயணமும் ஒன்று. 1910 இல் அமெரிக்கப் படை அலுவலர் பெஞ்சமின் புலோய், ஆட்டங்கொண்ட தம் விமானத்தினின்று தூக்கி எறியப்படாதிருக்கத் தோல்வார் ஒன்றால் தம்மை இருக்கையோடு பிணைத்துக்கொண்டார். மோட்டார் வண்டிகளில் முதலில் இடுப்பை மட்டும் சுற்றிய பட்டிகள் வந்தன. அவை உடலின் மேற்பகுதியைத் தாங்கவில்லை. 1959 இல் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருங்கே தாங்கி, மூன்று இடங்களிற் பொருந்தும் பட்டியை உருவாக்கினார். முன்னர் விமானங்களில் விமானியை வெளியேற்றும் இருக்கைகளை அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவரது அமைப்பின் சிறப்பு வலிமை மட்டுமன்று. ஒரே கையால், ஒரே அசைவில் அணியக்கூடிய எளிமையும் ஆகும். பூட்டை இடுப்பின் பக்கத்தே வைத்ததன் நோக்கமும் அதுவே. அந்நிறுவனம் அக்கண்டுபிடிப்பைப் பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. போலினின் பட்டி உலகெங்கும் பரவிற்று.

ஆனால் பட்டி இருப்பது வேறு, அதனை அணிவது வேறு. இவ்வுண்மையை அரசாங்கங்கள் மெல்ல மெல்லவே கற்றன. 1970 இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் ஆசனப் பட்டி அணிதலைச் சட்டத்தாற் கட்டாயமாக்கிற்று. பிரித்தானியாவில் 1983 இல் முன்னிருக்கைப் பயணிகளுக்கு இது கட்டாயமாயிற்று. அமெரிக்கா வேறொரு வழியை முயன்றது. 1974 ஆம் ஆண்டு வண்டிகளில், பட்டியைப் பூட்டினாலன்றி இயந்திரம் இயங்காதவாறு ஓர் அமைப்புப் பொருத்தப்பட்டது. மக்கள் அதனை வெறுத்தனர். மக்களவையினர் அவ்வாண்டிலேயே அவ்விதியை நீக்கினர். இலங்கையில் சாரதிக்கும் முன்னிருக்கைப் பயணிக்கும் ஆசனப் பட்டி 2011 இல் கட்டாயமாயிற்று. அதன்பின், முன்னிருக்கையில் பட்டியை இழுத்துப் பூட்டும் பழக்கம் கண்டி நகரிலும் வழக்காயிற்று.

பின்னிருக்கையின் நிலை வேறு. கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நள்ளிரவில் புறப்படும் வாடகை வான்களை எண்ணிப் பார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் ஒருவரும், அவரை வழியனுப்பும் மனைவியும் பிள்ளைகளும் பெட்டிகளோடு நெருங்கி அமர்ந்திருப்பர். வானில் பட்டிகள் உண்டு. ஆனால் அவற்றின் பூட்டுகள் இருக்கையின் மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் இடையே புதைந்து கிடக்கும்; அல்லது இருக்கையின் அழகைக் காக்கவெனத் தைத்துப் போட்ட உறையின் அடியில் மறைந்திருக்கும். இருளில் ஒருவர் பட்டியை இழுப்பார், அதன் உலோக நாக்கைப் பிடித்துக்கொண்டு பூட்டைத் தேடுவார், பக்கத்தில் இருப்பவரின் பூட்டில் மாட்ட முயல்வார், பொருந்தாது. இருமுறை தேடிக் கிடைக்காவிடின், பட்டியைக் கைவிட்டு விடுவார். வான் பேராதனையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கத் தொடங்கும்போது, அவரைக் காத்திருக்க வேண்டிய கருவி அவருக்குப் பக்கத்திலேயே பயனின்றிக் கிடக்கும்.

இதில் வியப்பானதொரு செய்தி உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன விதிகளுள் பதினாறாம் விதி, பூட்டைத் திறக்கும் பொத்தான் செந்நிறமாக இருத்தல் வேண்டும் என்கிறது. விபத்தின்பின் விரைந்து திறக்க அது உதவும் என்பது நோக்கம். பகலில் அந்நோக்கம் நிறைவேறும். ஆனால் ஒளி குன்றக் குன்ற மனிதக் கண்ணுக்கு முதலில் மங்கி மறையும் நிறம் செந்நிறமே. செக் நாட்டு அறிஞர் பர்க்கின்ஜே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை எடுத்துக் காட்டினார். செம்மலர்கள் அந்தியில் கருமையாகத் தோன்றுவதும் அதனாலேயே. எனவே, பகலில் எச்சரிக்கும் செந்நிறப் பொத்தான் இரவில் கரும்புள்ளியாகி விடுகிறது.

இக்குறையைத் தீர்க்க இரு வழிகள் உள்ளன. முதலாவது, தானே ஒளிரும் பூச்சு. பகலொளியை உட்கொண்டு இருளில் மெல்ல வெளிவிடும் பொருள்கள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. 1990 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் உருவான இசுத்துரோந்தியம் அலுமினேற்றுப் பூச்சு, பழைய பூச்சுகளினும் மிக நெடுநேரம் ஒளிர்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் மூடிய கொட்டகையில் பகலெல்லாம் நின்ற வண்டியில் அது உட்கொள்ள ஒளி ஏது? உறையின் அடியிற் கிடக்கும் பூட்டுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது வழி மின்னொளி. 1962 இல் நிக் ஹொலோனியாக் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி தரும் சிறு ஒளியுமிழ் இருவாயியைச் செய்து காட்டினார். 1990 ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய அறிஞர் அகசாக்கி, அமனோ, நகமுரா ஆகியோரின் ஆய்வுகளால் பிரகாசமான நீல ஒளியும், அதன்வழி வெள்ளொளியும் கைகூடின. அவர்களுக்கு 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. அரிசியளவே உள்ள இவ்விளக்கு வெப்பத்தால் எதனையும் சுடாது. வண்டியின் மின்கலத்திலிருந்து மிகச் சிறிதளவு மின்னையே எடுக்கும். இதனைப் பூட்டின் வாயருகே பொருத்தினால், கதவு திறந்ததும் எரியச் செய்யலாம். பூட்டினுள்ளே ஏற்கெனவே இருக்கும் ஆளி, நாக்கு நுழைந்ததை உணர்ந்ததும் விளக்கை அணைக்கும். ஒளி எரிகிறதாயின் பட்டி அணியப்படவில்லை என்பது சாரதிக்கும் விளங்கும். ஜேர்மனியின் மேர்சிடிஸ் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட உயர்வகை வண்டியில் இத்தகைய ஏற்பாடு இடம்பெற்றது. பின்கதவு திறந்ததும் அதன் பூட்டு 70 மில்லிமீற்றர் வரை தானே மேலெழும். நாக்கை நுழைக்கும் வாய் ஒளிரும்.

செல்வர் ஏறும் வண்டிக்கு வந்த வசதி எளியோர் ஏறும் வானுக்கு வருமா என்று கேட்பது இயல்பே. ஒரு காலத்தில் மின்விளக்கும், ஆசனப் பட்டியும் விலையுயர்ந்த வண்டிகளின் சிறப்புகளாகவே இருந்தன. பூட்டு மேலெழும் பொறிக்குச் செலவு மிகும் என்பது உண்மை. ஒரு சிறு விளக்குக்கு அத்துணைச் செலவில்லை. ஆயின் கண்டவர் கண்டபடி பூட்டைத் திறந்து கம்பி கோத்தல் தகாது. பூட்டு உயிர்க்காப்புக் கருவி. அதன் உள்ளமைப்பைப் பழுதாக்கினால் ஒளி இருந்தும் பயனில்லை. உற்பத்தியாளரும், வாகனங்களை இறக்குமதி செய்வோரும், தரத்தை ஆராயும் அதிகாரிகளும் ஏற்க வேண்டிய பணி இது.

ஒளி மட்டும் யாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் மிகைக் கூற்றே. 2025 மே 11 ஆம் திகதி, விடியற்பொழுதில், கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் உருண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இருக்கையே இன்றி நின்று பயணிப்போருக்கு எந்தப் பட்டி உதவும்? பட்டியே பொருத்தப்படாத இருக்கைக்கு எந்த ஒளி உதவும்? வீதியின் காப்பு மதில், சாரதியின் ஓய்வு, அளவோடு ஆட்களை ஏற்றல், பட்டி, அதனை அணியும் சட்டம், அதனைக் காட்டும் ஒளி என இவை ஒன்றோடொன்று சேர்ந்த சங்கிலி. ஒரு கண்ணி அற்றாலும் சங்கிலி அறும். அச்சங்கிலியில் ஒளி கடைசிக் கண்ணியே. எனினும் அது கண்ணியன்று எனத் தள்ளிவிட இயலாது.

அமெரிக்காவின் 1974 ஆம் ஆண்டு அனுபவம் இங்கே நினைவுகொள்ளத் தக்கது. இயந்திரத்தைத் தடுத்து மக்களை வற்புறுத்திய அமைப்பு தோற்றது. ஒரு கையால் எளிதில் அணியுமாறு போலின் செய்த அமைப்பு வென்றது. மக்கள் ஒரு நன்மையைச் செய்ய மறுப்பது எப்போதும் மனமின்மையால் அன்று. பல வேளைகளில் அது கைக்கெட்டாமையாலும், கண்ணுக்குத் தெரியாமையாலுமே. சட்டம் அணிக என்று ஆணையிடலாம். எங்கே இருக்கிறது என்று காட்டுவது பொறியியலாளர் கடமை.

அத்தகைய ஒளி எல்லா வண்டிகளுக்கும் வந்து சேரும் வரை செய்யத்தக்கது ஒன்றுண்டு. இருக்கை உறையின் அடியில் புதைந்த பூட்டுகளைச் சாரதி பகலிலேயே வெளியே எடுத்து வைக்கலாம். ஏறுவோர் அனைவரும் பூட்டி முடியும் வரை உள்விளக்கை அணையாது விடலாம். இதற்குப் பணமும் வேண்டியதில்லை, சட்டமும் வேண்டியதில்லை. மலையைக் குடைந்து வழி செய்தவர்கள் பல்லாண்டு உழைத்தனர். அவ்வழியிற் செல்வோர் உயிரோடு வீடு சேர்வதற்கு இரு நிமிடப் பொறுமை பெரிய விலையன்று.