சேர்ந்து வாழ்தல்: ஒரு சட்டச் சொல்லாட்சியின் வரலாறு

மணவினை நிகழாமல் ஒரே இல்லத்தில் கூடி வாழும் ஆண், பெண் இருவருக்குச் சட்டம் வழங்கும் உரிமை, அவர்களது உறவுக்கு இடப்படும் பெயரைப் பெரிதும் சார்ந்துள்ளது. காதலர் உறவில் பொய்யொழுக்கம் தோன்றிய பின்னரே மணச்சடங்காகிய கரணம் வகுக்கப்பட்டது என்னும் கருத்து தொல்காப்பியக் கற்பியலில் உண்டு. ஆனால் சடங்கிற்கு முந்திய உறவைக் குறித்த 'களவு' பிற்கால வழக்காடுமன்றத் தமிழுக்கு உதவவில்லை; அங்கு அது திருட்டையே குறித்தது.

இலங்கைத் தமிழர் வழக்கொன்றில் 1881இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், இருவர் கணவன் மனைவியாக வாழ்ந்தமை மெய்ப்பிக்கப்பட்டால், மாறான சான்று தெளிவாகக் காட்டப்படும்வரை, அவர்கள் முறைப்படி மணந்தோர் என்றே சட்டம் ஊகிக்கும் என்றது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் கூடி வாழ்ந்த இணையர் தொடர்பான வழக்கில் 1978இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இவ்வூகத்தையே ஏற்றது. 'கணவன் மனைவியாக' என்பதிலுள்ள '-ஆக' ஆராயத்தக்கது. 'அந்நிலையில்' எனவும் 'அவரைப் போல' எனவும் அது இருபொருள்படும். சட்டம் முதற்பொருளையே கொண்டது. மணமாகாதார் என்ற நிலையில் எவரும் உரிமை பெறவில்லை. மணந்தோராகக் கருதப்பட்டே பெற்றனர்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 'திருமணத்தின் இயல்புடைய உறவு' என்பதையும் அது காப்புக்குள் கொணர்ந்தது; ஆனால் அத்தொடரை வரையறுக்கவில்லை. கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஜீவனாம்ச வழக்கில், 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறிற்று: துணைவர்க்கு நிகராகச் சமூகம் அறிய வாழ்தல், மணவயது எய்தியிருத்தல், மணத்தடை இன்மை, கணிசமான காலம் விரும்பிக் கூடி வாழ்தல். பொருளுதவி செய்து, முதன்மையாகப் பாலுறவிற்கோ பணிக்கோ ஒருவன் வைத்திருக்கும் 'கீப்' இதில் அடங்காள் என்றும் தீர்ப்பு கூறியது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் இச்சொல்லை நீதிமன்றத்திலேயே கண்டித்தார். அக்கண்டனம் முறையானதே. பெண்ணைச் செயப்படுபொருளாக்கும் சொல், சான்றுகளை ஆராயும் முன்பே முடிவை உரைத்துவிடுகிறது. 'வை' என்னும் வினையடியாகப் பிறந்த 'வைப்பாட்டி'யும் அத்தகையதே.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்குதான் கனக்கிறது. 'அவருடன் இருந்தேன்' என ஒரு பெண் அளிக்கும் சாட்சியத்தை, அவர் அவளை வைத்திருந்தார் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயர்த்தால், காப்பு அவளுக்குக் கிட்டாமற் போகலாம். இன்று பரவியுள்ள 'சேர்ந்து வாழ்தல்' பழிப்பற்றது. எனினும் மயக்கம் தருவது. பிரிந்த கணவனோ மனைவியோ தொடுக்கும் 'சேர்ந்து வாழக் கோரும்' மனு மணத்தை அடிப்படையாகக் கொண்டது. 'திருமணம் போன்ற உறவு' என்பதும் முற்றும் பொருந்தாது. 'போன்ற' என்னும் உவம உருபு வேற்றுமையை முன்னிறுத்த, மூலமோ இயல்பைச் சுட்டுகிறது.

2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தராகண்ட் பொதுக் குடிமைச் சட்டம் இவ்வுறவைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. அதன் இந்தி வாசகம் ஆளும் சொல் 'சஹவாசி சம்பந்த்'. தமிழில் 'சகவாசம்' பெரும்பாலும் தீயோர் சேர்க்கையையே நினைவூட்டுவதால், அதனைக் கடன்கொள்ள இயலாது. 'மணமின்றிக் கூடி வாழ்தல்' நீண்ட தொடராயினும் இரு தரப்பினரையும் எழுவாயாகவே நிறுத்துகிறது.