நாயின நூல்கள்: தோற்றக் கதைகளும் சான்று மதிப்பீடும்

முன்னுரை

நாயினங்களைப் பற்றிய நூல்கள் ஆங்கிலத்தில் மிகப் பலவாக வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வோர் இனத்தையும் அதன் தொன்மையைக் கூறியே அறிமுகம் செய்கின்றன. ஓரினம் எகிப்திய மன்னர்களின் காலத்தது என்றும், மற்றோரினம் போர்க்களங்களில் பழக்கப்பட்டது என்றும் அவை உரைக்கின்றன. அக்கூற்றுக்குச் சான்று யாது என்னும் வினாவிற்கு விடை தரும் நூல்கள் சிலவே. ஒரு நூலின் காலத்தை வரையறுக்க அகச்சான்றும் புறச்சான்றும் தேடும் ஆய்வு நெறி நாயின நூல்களுக்கும் பொருந்துவதாகும். அந்நூல்கள் வளர்ந்த வரலாற்றை நோக்கி, அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து மதிப்பிடுதற்குரிய அளவைகளைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலால் வகுத்த நூல்கள்

ஆங்கில நாட்டு நாய்களைப் பற்றிய முதல் தனிநூலை எழுதியவர் கேம்பிரிட்ஜைச் சார்ந்த மருத்துவர் ஜான் கையஸ் ஆவார். சுவிட்சர்லாந்து நாட்டு இயற்கையியலறிஞர் கான்ராட் கெஸ்னரின் வேண்டுகோளை ஏற்று அவர் இலத்தீனில் எழுதிய அந்நூல் 1570இல் அச்சேறியது. ஆபிரகாம் ஃபிளெமிங் அதனை 1576இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கையஸ் நாய்களைத் தொழில் நோக்கியே பகுத்தார். மோப்பத்தால் வேட்டையாடுவது, கண்ணால் கண்டு துரத்துவது, பறவை வேட்டைக்கு உதவுவது, மந்தை காப்பது, அடுக்களையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றுவது என்றவாறு அப்பகுப்பு அமைகிறது. வம்சத் தூய்மை என்னும் இற்றைக் கருத்து அந்நூலில் இல்லை. ஆகவே, அதில் இடம்பெறும் ஒரு பெயர் இன்றைய இனமொன்றின் பெயரோடு ஒத்திருப்பதை மட்டும் கொண்டு, அவ்வினம் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது.

பிரெஞ்சு அறிஞர் பஃபோன் 1755இல் வெளியிட்ட இயற்கை வரலாற்றுத் தொகுதியில் நாயினங்களுக்கு ஒரு வம்ச அட்டவணையை அமைத்தார். மேய்ப்பர் நாயே மூலம் என்றும், தட்பவெப்ப வேறுபாட்டால் பிற இனங்கள் தோன்றின என்றும் அவர் கருதினார். அது வம்சப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டதன்று, உய்த்துணர்வால் அமைந்தது. கருதுகோளையும் ஆவணத்தையும் வேறுபடுத்தாமல் படிப்பதால் நேரும் பிழைக்கு அவ்வட்டவணை நல்ல எடுத்துக்காட்டாகும்.

தரவிதியும் பதிவேடும்

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்நிலை மாறியது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடைபெற்றது. 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. பரிசளிக்க வேண்டுமாயின் ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்னும் புனைபெயரில் எழுதிய ஜான் ஹென்றி வால்ஷ் அத்தேவையை நிறைவு செய்தவர்களுள் முதன்மையானவர். அவர் 'தி ஃபீல்டு' இதழின் ஆசிரியர். பிரித்தானியத் தீவுகளின் நாய்களைப் பற்றி அவர் தொகுத்த நூல் 1867இல் வெளிவந்தது. தலை, கழுத்து, தோள், கால் என உறுப்புதோறும் மதிப்பெண் வழங்கும் முறையை அவர் எழுத்துகள் பரப்பின.

நாயினம் என்னும் இன்றைய கருத்து விக்டோரியா காலத்துக் கண்காட்சிகளிலும் அச்சு ஊடகத்திலும் உருப்பெற்றது என்பதை வொர்பாய்ஸ், ஸ்ட்ரேஞ்ச், பெம்பர்டன் ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக நிறுவுகிறது. நாயின நூல் இருக்கும் இனத்தை வருணித்ததோடு அமையவில்லை. இனம் இவ்வாறு இருத்தல் வேண்டும் என விதிக்கவும் செய்தது. இலக்கணத்தில் மொழியை விளக்கும் நூற்பாவும் மொழியை வரையறுக்கும் நூற்பாவும் வேறாதல் போல, இவ்விரண்டும் வேறானவை.

விதிக்கும் சொல் நாயின் உடலைப் பாதிக்கும் என்பதற்குப் புல்டாக் இனம் சான்றாகிறது. குறுகிய முகம், பெருந்தலை, தோல் மடிப்பு ஆகியவற்றைச் சிறப்பாகக் கொண்ட தேர்வு, பல தலைமுறைகளில் மூச்சுத் திணறலுக்கும் ஈற்று இடர்ப்பாட்டிற்கும் காரணமாயிற்று. 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று தூய இன நாய்களின் நோய்களை வெளிக்கொணர்ந்தது. அதனையடுத்து 2009இல் கென்னல் கிளப் பல இனங்களின் தரவிதிகளைத் திருத்தியது. ஆகவே, ஒரு நூல் தரவிதியை எந்த ஆண்டின் வடிவிலிருந்து எடுத்தாள்கிறது என்பதை நோக்குதல் இன்றியமையாதது.

ஒரு கதையும் ஓர் ஏடும்

தோற்றக் கதையை ஆவணம் எவ்வாறு மாற்றும் என்பதற்குக் கோல்டன் ரெட்ரீவர் இனத்தின் வரலாறு தக்க சான்றாகும். பிற்காலத்தில் டுவீட்மவுத் பிரபு எனப்பட்ட டட்லி மார்ஜரிபேங்ஸ், பிரைட்டன் நகரில் வித்தை காட்டிய ரஷ்ய வட்டரங்கு நாய்க் குழுவை விலைக்கு வாங்கினார் என்றும், அவற்றின் வழியே இவ்வினம் தோன்றியது என்றும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நூல்கள் பல இதனை ஒன்றைப் பார்த்து ஒன்றாக எடுத்தெழுதின.

மார்ஜரிபேங்ஸ் தம் நாய்களைப் பற்றி வைத்திருந்த கையெழுத்துப் பதிவேடு 1890 வரையிலான செய்திகளைக் கொண்டது. அதன் செய்திகளை அக்குடும்பத்தோடு உறவுடைய இல்செஸ்டர் பிரபு 1952இல் கட்டுரை வாயிலாக வெளியிட்டார். எல்மா ஸ்டோனெக்ஸ் என்னும் ஆய்வாளர் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவ்வேட்டில் ரஷ்ய நாய்கள் இடம்பெறவில்லை. 'நூஸ்' என்னும் மஞ்சள் நிற ரெட்ரீவரும், 'பெல்' என்னும் டுவீட் நீர்ஸ்பேனியலும் 1868இல் ஈன்ற மஞ்சள் நிறக் குட்டிகளே அதில் காணப்பட்டன. ஏட்டுச் சான்றின்முன் ரஷ்யக் கதை நிலைபெறவில்லை.

இங்கு ஒன்று கருதத்தக்கது. நூஸ் வாங்கப்பட்டதும் பிரைட்டனில்தான். கதையிலும் ஏட்டிலும் ஒரே ஊர் இடம்பெறுகிறது. வாய்மொழி மரபு உண்மையின் ஒரு கூற்றைக் காத்துக்கொண்டே அதனைச் சூழப் புனைவை வளர்க்கும் என்பதை இது காட்டுகிறது. ஆதலின் கதையை முற்றிலும் புறந்தள்ளுவதும் தகாது. அதனையே வரலாறாகக் கொள்வதும் தகாது.

மரபணுச் சான்று

2004இல் 'சயன்ஸ்' இதழில் பார்க்கரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு 85 இனங்களைச் சார்ந்த 414 நாய்களின் மரபணுக்களை ஒப்பிட்டது. எகிப்தியத் தொன்மை கற்பிக்கப்பட்ட ஃபாரோ ஹவுண்டு, இபிசன் ஹவுண்டு ஆகியன தொன்மையான கிளையில் அமையவில்லை என அவ்வாய்வு கண்டது. கல்லறை ஓவியத்தின் உருவ ஒப்புமை வம்சத் தொடர்ச்சிக்குச் சான்றாகாது என்பது இதனால் புலனாயிற்று. எனினும் மரபணுச் சான்றும் விளக்கத்திற்கு உட்பட்டதே. சில இனங்கள் மரபணுவில் தனித்து நிற்பதற்குத் தொன்மையைவிடப் பிற நாய்களோடு கலவாமல் ஒதுங்கியிருந்தமையே காரணம் என 2012இல் லார்சனும் பிறரும் எடுத்துரைத்தனர். 2004ஆம் ஆண்டு முடிவை மட்டும் கூறி நிறுத்தும் நூல் முழுமையுடையதன்று.

இந்திய நாய்களைப் பற்றிய நூல்கள்

மேற்கண்ட வினாக்கள் இந்திய நாய்களுக்கும் உரியன. டபிள்யூ.வி. சோமன் 1963இல் வெளியிட்ட நூல் இந்திய நாய்களைத் தனிப்பொருளாகக் கொண்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. திரைப்பட வரலாற்றாய்வாளரும் சூழலியல் எழுத்தாளருமான சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். 2005இல் இந்திய அஞ்சல்துறை இராஜபாளையம், முதோல், இராம்பூர் நாய்களுக்கும் இமாலய மேய்ப்பு நாய்க்கும் அஞ்சல்தலை வெளியிட்டதும் இவற்றின்மேல் கவனம் திரும்பத் துணைசெய்தது.

இராஜபாளையம் நாய் பாளையக்காரர் போர்களில் ஈடுபட்டது என்னும் செய்தி பல எழுத்துகளில் சான்று சுட்டப்படாமலே வருகிறது. அதனை எடுத்தாளும் நூல் மூல ஆவணத்தைக் காட்டவேண்டும். இயலாதாயின் வழக்காறு என்றேனும் குறிக்கவேண்டும். சங்க இலக்கியத்தில் ஞமலி, ஞாளி என வரும் வேட்டை நாய்களை இன்றைய இராஜபாளையம் அல்லது சிப்பிப்பாறை இனத்தோடு இணைப்பதும் இத்தகையதே. அச்சொற்கள் நாயையும் அதன் தொழிலையும் அறிவிக்கின்றன, இனத்தை அறிவிக்கவில்லை.

செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல் இவ்வகையில் எண்ணத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்ததான அக்கல்லில் வீரனோடு அவனது நாயும் வடிக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்பதும் அக்கல்வெட்டால் அறியப்படுகின்றன. ஏழாம் நூற்றாண்டு நாயொன்றின் பெயரையும் செயலையும் காத்துத் தந்த அக்கல், அதன் இனத்தைக் கூறவில்லை. கல் கூறியதோடு அமைவதே ஆய்வு நெறியாகும்.

மதிப்பீட்டு அளவைகள்

இதுகாறும் கண்டவற்றால் ஐந்து அளவைகள் பெறப்படுகின்றன. ஒன்று, தோற்றம் பற்றிய கூற்றுக்கு நாளும் இடமும் உடைய ஆவணம் காட்டப்படுகிறதா என்பது. இரண்டு, வருணனையும் விதியும் பிரித்துக் கூறப்படுகின்றனவா என்பது. மூன்று, நோய்களும் குறைகளும் மறைக்கப்படாமல் இடம்பெறுகின்றனவா என்பது. டால்மேஷியன் இனத்தில் காணப்படும் பிறவிச் செவிடு போன்றவற்றைக் கூறாத நூல் வளர்ப்போருக்குத் தீங்காய் முடியும். நான்கு, ஆசிரியர் அவ்வினத்தை விற்பவரா, வளர்ப்பவரா, ஆய்பவரா என்பது. வளர்ப்பவரின் பட்டறிவு மதிக்கத்தக்கதாயினும் அவரது சார்பும் கருதத்தக்கது. ஐந்து, பதிப்பின் ஆண்டு. வால்ஷின் நூலைப் போலப் பல பதிப்புகள் கண்ட நூல்களில் தரவிதிகளின் மாற்றத்தை அறியப் பதிப்புகளை ஒப்பிடுதல் வேண்டும். காப்புரிமை நீங்கிய பழைய நூல்கள் பல இணைய ஆவணக் காப்பகங்களில் கிடைப்பதால் இவ்வொப்பீடு இன்று எளிதாகியுள்ளது.

முடிவுரை

நாயின நூலின் பிழை ஏட்டளவில் நிற்பதில்லை. புனைந்த தொன்மை ஓரினத்தின் விலையை உயர்த்துகிறது. மிகைப்படுத்திய தரவிதி பிறக்கப்போகும் குட்டிகளின் மூச்சைச் சுருக்குகிறது. இந்திய நாயினங்களுக்குத் தரவிதிகளும் வரலாறுகளும் எழுதப்பட்டுவரும் இக்காலத்தில் மேலை நாட்டு நூல்களின் குறைகளை அறிந்துகொள்வது பயனுடையது. கல்வெட்டு, பதிவேடு, மரபணு, வாய்மொழி ஆகிய நால்வகைச் சான்றையும் அவற்றின் எல்லையறிந்து பயன்படுத்தும் நூலே நல்ல நாயின நூல் எனத் துணியலாம்.